சொன்னால் கேட்பார்களா? போட்டோ எடிட்டிங் மென்பொருளும் நம் புகார்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லை வண்ணார்பேட்டையில் ஆல்பம் டிசைன் செய்யும் கடை வைத்திருக்கிறேன். பாளையங்கோட்டை, மேலப்பாளையம், அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் பென் டிரைவில் படம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஷீட் போட்டு, சரிபார்த்து, லேபுக்கு அனுப்புவது என் வேலை. ஆவணி முகூர்த்தம் நெருங்கும்போதுதான் எல்லா மென்பொருளுக்கும் அப்டேட் வந்து தொலைக்கும். "அண்ணாச்சி, நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு, இன்னைக்கு என்னத்தையோ மாத்திப்புட்டானுவ" என்று போன் வரும். கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

அமெரிக்காவில் இருக்கிற கம்பெனி, நெல்லையில் இருந்து நான் சொல்வதைக் கேட்கவா போகிறது?

உங்கள் ஒருவர் குரல் மட்டும் என்றால் காதில் விழுவது கஷ்டம்தான். பலபேர் ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் விழுகிறது. நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 2015-இல் நடந்தது. அந்த அக்டோபரில் அடோபி நிறுவனம், படங்களை அடுக்கி எடிட் செய்யும் லைட்ரூம் மென்பொருளின் 6.2 பதிப்பை வெளியிட்டது. மெமரி கார்டிலிருந்து படங்களை இறக்கும் இம்போர்ட் பக்கத்தை அதில் அடியோடு மாற்றியிருந்தார்கள். படம் இறங்கி முடிந்ததும் கார்டைத் தானாக 'எஜெக்ட்' செய்யும் வசதியைக் காணோம். ஒரு ஃபோல்டரில் கிடக்கும் படங்களை இன்னொன்றுக்கு நகர்த்தி உள்ளே சேர்க்கும் வசதியையும் காணோம். போதாக்குறைக்கு மென்பொருள் வேலைக்கு நடுவில் படுத்துக்கொண்டது.

உலகம் முழுவதும் இருந்து திட்டு விழுந்தது. சில நாட்களிலேயே லைட்ரூமுக்குப் பொறுப்பாக இருந்த டாம் ஹோகார்ட்டி தன் பெயர் போட்டு மன்னிப்புக் கேட்டு எழுதினார். நவம்பரில் வந்த 6.3-இல் பழைய இம்போர்ட் பக்கம் திரும்ப வந்துவிட்டது.

ஆனால் அவர்கள் யாரையும் கேட்காமல் மாற்றிவிடவில்லை. லைட்ரூமைப் பழகவே முடியாமல் இம்போர்ட் பக்கத்திலேயே திணறியவர்களிடம் கருத்துக் கேட்டு, அவர்களுக்காகத்தான் எளிதாக்கினார்கள். தினமும் இரண்டாயிரம் படம் இறக்குகிறவனை நினைக்க மறந்துவிட்டார்கள். மறுவீட்டு விருந்தில் வெளியூர்க்காரர் ஒருவர் முகத்தைச் சுளித்தார் என்று, ஊருக்கே சொதி இல்லாமல் இலை போட்ட மாதிரி. எனவே "கம்பெனி கேட்கிறதா" என்பதோடு "யாரைக் கேட்கிறது" என்றும் பார்க்க வேண்டும். நாம் எழுதாவிட்டால், எழுதுகிறவர்களின் தேவைதான் அவர்களுக்குத் தெரியும்.

புகார் அனுப்பியதும் அது எங்கே போகிறது?

முதலில் ஒரு எண் விழும். அதைத்தான் டிக்கெட் என்கிறார்கள். இப்படிப் புகார்களை வாங்கி, எண் போட்டு, ஆள் பிரித்துக் கொடுப்பதற்கென்றே தனி மென்பொருள்கள் இருக்கின்றன. நம் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ விற்கிற 'ஜோஹோ டெஸ்க்' அந்த வகைதான். 

எண் விழுந்த பிறகு ஒரு ஆள் அதைப் படித்து, நீங்கள் சொன்னபடியே தன் கணினியில் செய்து பார்ப்பார். அவருக்கும் அந்தக் கோளாறு வந்தால் உங்கள் புகாருக்கு உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால் "மேலும் விவரம் தேவை" என்று திரும்பி வரும். நாம் பதில் போடாவிட்டால் அப்படியே மூடிவிடுவார்கள். நம் ஊர்ப் புகார்களில் பாதி செத்துப்போவது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

உயிர் வந்ததை, அதே குறையைச் சொன்ன மற்ற புகார்களோடு சேர்த்துக் கட்டுவார்கள். படம் அழிவது, ஃபைல் திறக்காமல் போவது எல்லாம் முதல் வரிசை. கலர் மாறிப் பிரிண்ட் வருவது அடுத்து. பொத்தானின் இடம் பிடிக்கவில்லை என்பதெல்லாம் கடைசி வரிசை. இது தவிர, எந்தக் கருவியை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்ற கணக்கும் மென்பொருளிலிருந்து தானாகவே அவர்களுக்குப் போகிறது. லைட்ரூம் விஷயத்தில் சில வசதிகளை எடுத்ததற்குக்கூட 'அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை' என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

"உங்கள் கருத்துக்கு நன்றி" என்று உடனே பதில் வந்தது. படித்துவிட்டார்களா?

இல்லை. அது இயந்திரம் போடும் கும்பிடு. அதில் உள்ள எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்து உடைந்து வருகிறதே, இதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுத்தமல்லியில் ஒரு காதுகுத்து வீடு. ஃப்ளெக்ஸ் அவசரம் என்று மொபைலிலேயே ஒரு ஆப்பில் டிசைன் செய்தேன், பெயர் வேண்டாம். 'நெல்லை' என்று அடித்தால், ந-வுக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறது. கடைசி லகரத்துக்கு முன்னால் வரவேண்டிய இணைக்கொம்பும் லகரத்தைத் தாண்டிப் போய், புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. ஐந்து விரல் அளவு ஒரு சொல்லுக்குள் இரண்டு எழுத்துக்கு இடுப்பு ஒடிந்திருக்கிறது. குழந்தையின் தாய்மாமன் பார்த்துவிட்டு, "என்னவே, ஊர் பேரையே கொன்னுட்டீரு" என்றார்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு முறையில் 'நெ' என்பதைக் கணினி முதலில் ந, அப்புறம் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கிறது. உச்சரிக்கும் வரிசை அது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தூக்கி வைப்பது எழுத்தைக் கோக்கும் தனி நிரலின் வேலை. 'கொ' மாதிரி எழுத்தில் ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, பாதியை முன்னாலும் பாதியைப் பின்னாலும் வைக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இந்த வேலை எதுவுமே தேவையில்லை என்பதால், ஆங்கிலத்தை வைத்து மட்டும் சோதித்து வெளியிடும் மென்பொருளில் இதைச் சேர்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

நான் முதலில் அனுப்பிய புகார் ஒரே வரி: தமிழ் சரியாக வரவில்லை. பதிலாக "ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்" என்று வந்தது. அதில் அவர்கள்மேல் தப்புச் சொல்ல முடியாது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்ய முடியும்? இரண்டாவது தடவை உட்கார்ந்து எழுதினேன். அடித்த சொல் இது, ஆப் காட்டுவது இது, இதே போனில் வாட்ஸ்அப்பில் சரியாகத் தெரிவது இது என்று மூன்று படம். ஆப்பின் வெர்ஷன், போனின் ஆண்ட்ராய்டு வெர்ஷன். எந்த ஃபாண்ட் என்பதும். இரண்டு மாதம் கழித்து வந்த அப்டேட்டில் நெல்லை நெல்லையாகவே வந்தது. என் ஒருவன் புகாரால்தான் என்று சொல்லமாட்டேன். மலையாளத்துக்கும் இதே கொம்புப் பிரச்சினை உண்டு, செங்கோட்டையைத் தாண்டினால் அந்தப் பக்கமும் யாராவது எழுதியிருக்கலாம்.

போட்டோஷாப்பில் உடைந்தால் உடனே புகார் எழுத வேண்டாம். பல ஆண்டுகள் அதில் எழுத்துக் கோக்கும் முறை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அமைப்புகளில் டைப் பகுதிக்குப் போய், மத்திய கிழக்கு மற்றும் தெற்காசிய மொழிகள் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் புது ஃபைல் திறந்தால்தான் அந்தப் பழைய பதிப்புகளில் தமிழ் ஒழுங்காக வரும். இது தெரியாமல்தான் நம்மவர்கள் பாமினி, வானவில், செந்தமிழ் ஃபாண்டுகளிலேயே காலம் தள்ளினார்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஃப்ளெக்ஸ் கடைகள் இன்னும் பாமினியில்தான் இருக்கின்றன. பாமினியில் கொம்பைத் தனி எழுத்தாக முன்னாலேயே அடிப்பதால் எந்த மென்பொருளிலும் உடையாது. வேலை நடந்துவிட்டது, சரி. ஆனால் தமிழில் குறை இருப்பதே கம்பெனிக்குத் தெரியாமல் போனதற்கும் அதுதான் காரணம்.

நன்றாக இருப்பதை ஏன் மாற்றித் தொலைக்கிறார்கள்?

2018 அக்டோபரில் வந்த போட்டோஷாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஒரு படத்தின் அளவை மாற்றும்போது, விகிதம் கெடாமல் இருக்க ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மூலையைப் பிடித்து இழுக்க வேண்டும். புதிய பதிப்பில் அது தலைகீழாகிவிட்டது: சும்மா இழுத்தாலே விகிதம் கெடாது, ஷிஃப்டை அழுத்தினால்தான் கெடும். இருபது வருடம் ஷிஃப்டில் சுண்டுவிரலை வைத்துப் பழகிய கை என்ன செய்யும்? இழுத்த வேகத்தில் மாப்பிள்ளை கன்னம் அதிரசம் மாதிரி அகன்றுவிடும். கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் ஒரு படி மட்டும் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தது. அது தொடர்ந்து பின்னால் போகும்படி மாறியதும் அதே பதிப்பில்தான்.

புதிதாகப் படிக்க வருகிற பையன்களுக்கு இரண்டுமே நல்ல மாற்றம், மற்ற பல மென்பொருள்கள் அப்படித்தான் இயங்குகின்றன. பழைய கைகளுக்கோ நரக வேதனை. அடோபி மாற்றத்தைத் திரும்பப் பெறவில்லை. வேண்டுமானால் பழைய முறைக்குப் போய்க்கொள்ளுங்கள் என்று வழி கொடுத்தது. அளவு மாற்றும் விஷயத்தில் முதலில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஒரு வரி எழுதி வைக்கச் சொன்னார்கள். பிறகு எதிர்ப்பு அடங்காததால் அமைப்புகளிலேயே ஒரு டிக் பெட்டியாக வைத்தார்கள். 'லெகசி' என்ற சொல்லோடு இருக்கும், தேடிப் பாருங்கள். கருத்துக் கேட்பதில் இது ஒரு நடுவழி. நம் பக்கத்துப் பஞ்சாயத்து மாதிரி, இரண்டு தரப்பையும் முழுசாகத் தோற்கடிக்காமல் முடிப்பது.

மாத வாடகை முறையை யாருமே எதிர்க்கவில்லையா?

ஏன் எதிர்க்காமல்? 2013 மே மாதம், இனி சி.எஸ்.6 என்ற பதிப்புக்கு மேல் ஒரே தடவையில் பணம் கட்டி வாங்கும் பதிப்பு கிடையாது, சந்தா மட்டும்தான் என்று அடோபி அறிவித்தபோது பல்லாயிரம் பேர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். சந்தா முறையிலிருந்து கம்பெனி பின்வாங்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் போட்டோஷாப்பையும் லைட்ரூமையும் சேர்த்து, போட்டோகிராபர்களுக்கு மட்டும் மாதம் 9.99 டாலர் என்று ஒரு தனித் திட்டம் கொண்டுவந்தார்கள். வாடகை வேண்டாம் என்றால் நடக்காது, வாடகையைக் குறை என்றால் பேசலாம் என்பதுதான் நிலைமை. 2025 ஜனவரியில் அந்தத் திட்டத்தையும் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மூடிவிட்டார்கள்.

சந்தா எடுக்கிறவர்கள் ஒன்றை மட்டும் நின்று படியுங்கள். 'ஆண்டுச் சந்தா, மாதத் தவணை' என்று இருக்கும். நடுவில் நிறுத்தினால் மீதி மாதங்களின் தொகையில் பாதியைக் கேட்பார்கள். இந்த விவரத்தை ஒளித்து வைக்கிறார்கள் என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் சொல்லி, அந்நாட்டு நீதித்துறை 2024 ஜூனில் அடோபி மேல் வழக்கே போட்டது. தை, வைகாசி, ஆவணிக்கு மட்டும் வேலை இருக்கிற சின்ன ஸ்டுடியோவுக்கு இது முக்கியம்.

எத்தனை பேர் சொல்லியும் கேட்காத சந்தர்ப்பம் உண்டா?

உண்டு, அதிலும் கௌரவமான மறுப்பும் உண்டு. கிம்ப் இலவச மென்பொருள், தன்னார்வலர்கள் எழுதுவது. 2012-இல் வந்த 2.8-இல், 'சேவ்' என்றால் கிம்ப்பின் சொந்த ஃபைலாக மட்டுமே சேமிக்கும், ஜேபெக் வேண்டும் என்றால் 'எக்ஸ்போர்ட்' கொடுக்க வேண்டும் என்று மாற்றினார்கள். திட்டித் தீர்த்தார்கள் ஜனங்கள். எழுதியவர்கள் அசையவில்லை. ஜேபெக்காகச் சேமித்தால் லேயர் எனப்படும் தனித்தனி அடுக்குகள் எல்லாம் போய்விடும், தெரியாமல் இழக்கக்கூடாது என்பது அவர்கள் வாதம். ஒரே ஃபைலில் மேலேயே சேவ் கொடுத்து, மணப்பெண் லேயரைத் தொலைத்துவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அழுத அனுபவம் உள்ளவன் என்ற முறையில் நான் அவர்கள் பக்கம்.

அதே கிம்ப்பில், மூலப்படத்தைக் கெடுக்காமல் ஃபில்டர் போடும் வசதியை வருடக்கணக்காகக் கேட்டார்கள். 2025 மார்ச்சில் வந்த 3.0-இல்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய 2.10 வந்தது 2018-இல். மறுக்கவில்லை, ஆள் இல்லை. காசு கொடுத்து வாங்காத மென்பொருளில் தாமதத்துக்குக் கோபப்படுவதில் அர்த்தமில்லை.

பிகாசாவைக் கொண்டுவரச் சொல்லி எழுதலாமா?

வேண்டாம். கணினியில் படங்களை அடுக்கிப் பார்க்கும் அந்த இலவச மென்பொருளைக் கூகுள் 2016 மார்ச் 15-ஓடு கைவிட்டுவிட்டது. அதே மாதம் போட்டோ ஃபில்டர் தொகுப்பான நிக் கலெக்‌ஷனை இலவசமாக விட்டது, அடுத்த ஆண்டே இனி அப்டேட் இல்லை என்றது. நல்லவேளை, 2017 அக்டோபரில் பிரான்ஸின் டி.எக்ஸ்.ஓ. நிறுவனம் நிக் கலெக்‌ஷனை வாங்கிக்கொண்டது. பிகாசாவை வாங்க யாரும் வரவில்லை.

அப்டேட்டில் படமே போய்விட்டால்?

போயிருக்கிறது. 2020 ஆகஸ்டில் ஐபோன், ஐபேடுக்கான லைட்ரூம் 5.4.0 அப்டேட், கிளவுடில் ஏறாமல் இருந்த படங்களையும், ப்ரீசெட் எனப்படும் சேமித்து வைத்த எடிட்டிங் அமைப்புகளையும் அழித்துவிட்டது. கம்பெனி ஒப்புக்கொண்டது, மன்னிப்புக் கேட்டது, 5.4.1 விட்டது. அந்தப் புதிய பதிப்பு மேற்கொண்டு அழியாமல் தடுத்ததே தவிர, அழிந்ததைத் திருப்பித் தரவில்லை. தரவும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தாலி கட்டுகிற படம் ஒரு தடவைதான் எடுக்க முடியும். எனவே இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றாமல் கார்டை அழிக்காதீர்கள், சீசன் நடுவில் அப்டேட்டை அழுத்தாதீர்கள்.

நம் கஸ்டமர் படங்களை எடுத்து ஏ.ஐ.க்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்களாமே?

2024 ஜூனில் அடோபியின் நிபந்தனைகள் மாறியதாகச் சொல்லி, 'உங்கள் படைப்புகளை நாங்கள் தானியங்கியாகவும் ஆள் வைத்தும் அணுகலாம்' என்ற பொருளில் ஒரு அறிவிப்பு திரையில் வந்தது. ஒத்துக்கொள்ளாவிட்டால் உள்ளே போக முடியவில்லை. எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பியதும், அதே மாதம் 18-ஆம் தேதி நிபந்தனைகளைத் திருத்தி எழுதினார்கள். வாடிக்கையாளர் படங்களை வைத்து ஏ.ஐ.யைப் பயிற்றுவிக்க மாட்டோம் என்று அதில் எழுத்திலேயே சேர்த்தார்கள். விற்பனைக்கென்று அடோபி ஸ்டாக்கில் கொடுக்கும் படங்கள் இதில் சேராது. பெண் வீட்டார் கேட்டால் சொல்வதற்கு இது போதும்.

ஏ.ஐ. கருவியிலேயே எங்களுக்கு வேறு குறை இருந்தது. 2023 மே மாதம் போட்டோஷாப்பின் சோதனைப் பதிப்பான பீட்டாவில் ஜெனரேட்டிவ் ஃபில் வந்தபோது, அது வரைந்து தரும் பகுதி நீளத்திலும் அகலத்திலும் 1024 பிக்சலுக்கு மேல் போகாது. நம் ஆல்பம் ஷீட் 12-க்கு 36 அங்குலம், அங்குலத்துக்கு 300 பிக்சல் (300 டி.பி.ஐ.) என்றால் 3600-க்கு 10,800 பிக்சல். மண்டபத்தின் பின்னணியை நீட்டினால் அந்த இடம் மட்டும் பனிமூட்டம் மாதிரி மசமசவென்று வந்தது. பிரிண்ட் போடுகிறவர்கள் எல்லோரும் இதைச் சொன்னார்கள். 2024-இல் அந்தப் பகுதியைத் தெளிவாக்கும் வசதி சேர்ந்தது. பீட்டா என்பதே இந்த மாதிரிக் குறையைக் கேட்பதற்காகத்தான். அதில் சொல்வதற்கு மதிப்பு கூடுதல், வெளியான பிறகு சொல்வதற்குக் குறைவு.

ப்ளே ஸ்டோரில் ஒரு ஸ்டார் போட்டுவிட்டேன். போதாதா?

சின்னக் கம்பெனி என்றால் அது வலிக்கும், பதிலும் போடுவார்கள். சரிசெய்த பிறகு உங்கள் ஸ்டாரை நீங்களே மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஆனால் 'வேஸ்ட் ஆப்' என்று எழுதினால் எதை வேஸ்ட் என்கிறீர்கள் என்று யாருக்குத் தெரியும்?

நான் வைத்திருப்பது ஒரிஜினல் காப்பி இல்லை. புகார் சொல்லலாமா?

கூச்சமில்லாமல் கேட்கிறீர்கள் பாருங்கள், அது பிடித்திருக்கிறது. சொல்லிப் பயனில்லை. பூட்டை உடைத்தவன் வேறு எதையெல்லாம் உடைத்து வைத்திருக்கிறான் என்று கம்பெனிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. காசில்லை என்றால் கிம்ப் இருக்கிறது. கேன்வா வாங்கிய அஃபினிட்டியும் 2025 அக்டோபரிலிருந்து இலவசம்தான்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. எப்படி எழுதுவது?

தமிழில் யோசித்து, மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு அனுப்புங்கள். சின்னச் சின்ன வாக்கியமாக இருந்தால் பொருள் கெடாது. கோபத்தை முதல் வரியில் வைக்காதீர்கள். தோராயமாக இப்படி:

"விண்டோஸ் 11, மெமரி 16 ஜி.பி. உங்கள் மென்பொருளின் வெர்ஷன் இது. 12-க்கு 36 அங்குல ஃபைல், 40 லேயர். டெக்ஸ்ட் லேயரைத் தேர்ந்து ஃபாண்டை மாற்றினேன். உடனே மென்பொருள் மூடிக்கொண்டது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படியே. போன வாரத்து வெர்ஷனில் இப்படி இல்லை. ஃபைலை இணைத்திருக்கிறேன்."

ஒரு புகாரில் ஒரு குறை மட்டும். ஃபைலை இணைக்கும்போது கஸ்டமர் முகம் உள்ள படத்தை எடுத்துவிட்டு, ஏதாவது தாமிரபரணிப் படத்தை வைத்து அனுப்புங்கள்.

இந்த வம்பே வேண்டாம், பழைய சி.எஸ்.6-லேயே இருந்துவிடவா?

பழைய கணினி ஓடுகிறவரை இருக்கலாம், டவுன் பக்கம் இன்னும் நாலைந்து கடைகளில் ஓடுகிறது. புதுக் கேமரா வாங்கினால் அது அப்படியே பதியும் மூல ஃபைலை, அதாவது ரா ஃபைலை, சி.எஸ்.6 திறக்காது. அடோபியே இலவசமாகத் தரும் டி.என்.ஜி. கன்வர்ட்டரில் போட்டு மாற்றிக்கொண்டால் திறக்கும். இரண்டாயிரம் படத்துக்கு அதை ஓடவிட்டு டீ குடிக்கப் போகலாம். திரும்பி வரும்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.